மாடிக்கு வந்த வரி

வீட்டு வரிக்காக ஊரை விட்டுப் போனவன் நான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எதற்கும் அந்தப் பக்கம் என்ன விலை, இந்தப் பக்கம் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் பையில் கை வைப்போம். ஆட்சி புதுச்சேரி, மூன்று புறமும் தமிழ்நாடு, ஒரு புறம் கடல், வேறு எப்படி இருப்போம்? பெட்ரோல் இந்தப் பக்கம் போடுவோம். கரண்ட் பில் வந்தால், அந்தப் பக்கம் நூறு யூனிட் சும்மா தருகிறார்களே என்று வயிறெரிவோம். நாங்கள் இருந்த பூவத்தில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, பத்து நிமிட நடை. எனக்கு இந்தப் புத்தி மற்றவர்களைவிடக் கூடுதல். முப்பது வருடம் கொம்யூன் பஞ்சாயத்து என்கிற எங்கள் ஊராட்சியில் பில் கலெக்டராக வீடு வீடாகப் போய் வீட்டு வரி வசூலித்தவன். ஓட்டு வீட்டுக்கு என்ன வரி, மாடிக்கு என்ன வரி, பாலத்துக்கு அந்தாண்டை அதே வீட்டுக்கு என்ன வரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஓய்வு பெறுகிற மாதத்தில் என் வீட்டுக்கே நோட்டீஸ் வந்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் இருந்து படிக்கட்டும் என்று மேலே ஒரு மாடி எடுத்திருந்தேன். அதைச் சேர்த்து வரியை ஏற்றிவிட்டார்கள். அளக்க வந்தவர் என்னோடு பத்து வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். “கோச்சுக்காதீங்கண்ணே, ஆர்டரு” என்று சொல்லிவிட்டு, டேப்பின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்தேன். நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இப்படி நான் எத்தனை மாடிகளை அளந்திருக்கிறேன்! ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அன்று சாயங்காலமே பாலத்தைத் தாண்டிப் போய் மனை விசாரித்தேன்.

ஏறிய வரி வருடத்துக்கு ஒரு மூட்டை அரிசி விலைகூட வராது. அதை என் மனைவிதான் சொன்னாள். அவள் குரும்பகரத்துக்காரி, மெதுவாகத்தான் பேசுவாள்.

“ஒரு மூட்டை அரிசிக்கா ஊர விட்டுப் போவாங்க? அக்கம்பக்கத்துல கேட்டா என்னன்னு சொல்றது?”

“ரிட்டயர் ஆனவன் செலவக் குறைக்கணும்டி. பத்து நிமிஷ நடை. ஊரு என்ன ஓடியா போவுது?”

“நம்ம பொண்ணு?”

“அவ ஸ்கூலு இங்கதான். சைக்கிள்ல வந்துட்டுப் போவா.”

மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அவளை யாரும் கேட்கவில்லை. வீட்டை ஒரு வயதான தம்பதிக்கு விற்றேன். பாலத்துக்கு அந்தாண்டை, மாடியே இல்லாத ஒரு வீட்டைக் கட்டினேன். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் நானே முன்னால் நின்று மாற்றினேன். சட்டப்படி நடக்கிற பெரிய மனிதனாம் நான்.

வீட்டை வாங்கிய பெரியவருக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியாமல் பூட்டியே வைத்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஆளில்லாத மாடிக்கு எதுக்குங்க முழு வரி கட்டுறீங்க? வருஷா வருஷம் ஒரு மனு குடுத்தா குறைப்பாங்க” என்று யோசனை சொன்னேன். மனுவையும் நானே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஆபீஸில் எல்லோருக்கும் அது தெரியும். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பாலத்தைத் தாண்டி வருவார். ‘மேற்படி வீட்டின் மாடியில் எவரும் குடியில்லை’ என்று எழுதி, கீழே சாட்சியாகக் கையெழுத்தும் போடுவேன். என்னை ஊரை விட்டு விரட்டிய மாடிக்கு இனி எவனும் முழு வரி வாங்க முடியாது என்று அப்படி ஒரு திருப்தி.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். விவசாயம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மாவோடு குரும்பகரத்து வயலில் நாற்றுப் பிடுங்கி வளர்ந்த ஆசை அது. கல்லூரியும் பஸ்ஸில் போய்வருகிற தூரம். காரைக்கால் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி இடம் உண்டு, அவள் மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும். விண்ணப்பத்தோடு குடியிருப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். கடைசி ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருடமும் நாங்கள் பாலத்துக்கு அந்தாண்டை இருந்தோம்.

கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுக்குக் கொஞ்சம் கூடின பெண். “நான் பொறந்தது, வேலை பாத்தது, எம்பொண்ணு படிச்சது எல்லாம் இங்கதாம்மா” என்றேன்.

“பொறந்ததெல்லாம் சரிங்க. இப்ப இருக்கறது எங்க?”

அந்தப் பக்கத்து இடத்துக்கு முயலலாம் என்றால், பள்ளிப் படிப்பு அங்கே இருந்திருக்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் விலை பார்த்த கெட்டிக்காரன் பெற்ற பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. மகள் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போனாள்.

அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. பெரியவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பூட்டிக் கிடந்த மாடியை வாடகைக்கு எடுத்தேன். பாய், அடுப்பு, சாமி படம் எல்லாம் கொண்டுபோய் வைத்தோம். மனைவி கொடியில் துணி காயப்போட்டாள். மகளின் பழைய புத்தகங்களை ஜன்னலோரம் அடுக்கினேன். ஐந்து வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று எதிர்வீட்டுக்காரர்களையும் சொல்லச் சொன்னேன். நேரில் பார்க்க அந்த அலுவலர் வருகிற அன்று, மகளைப் பாயில் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அலுவலர் சுற்றிலும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அதில் கரியே இல்லை. பையிலிருந்து சில தாள்களை எடுத்தார்.

“வீட்டு வரி ஃபைல பாத்துட்டுத்தாங்க வந்தேன். அஞ்சு வருஷமும் இந்த மாடியில யாரும் குடியில்லன்னு மனு இருக்கு. சாட்சிக் கையெழுத்து உங்களுதுதானே?”

ஐந்து தாள்கள். ஐந்திலும் என் அழகான கையெழுத்து. “ஐயோ அம்மா, எம்பொண்ணு என்ன பாவம் பண்ணுனா” என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். அலுவலருக்கும் கண் கலங்கியது. “நான் என்னங்க பண்ணட்டும்? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மகள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

“அஞ்சு வருஷமும் நீயாப்பா எழுதுன?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தாள்.

அதற்கப்புறம் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லோரும் அந்த ஐந்து தாளைத்தான் காட்டினார்கள். இப்போது அந்தாண்டை வீட்டைப் பூட்டிவிட்டு அந்த மாடியிலேயே குடியிருக்கிறோம், உண்மையாகவே. ஐந்து வருடம் ஓடினால் சான்றிதழ் கிடைக்கும். அப்போது மகளுக்கு இருபத்து மூன்று ஆகியிருக்கும். இப்போது காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை எடுத்துப் போடுகிறாள். கால் வீங்கி வருகிறது. அவள் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த ஏப்ரலில் பெரியவர் பழக்கத்தில் வாழைப்பழத்தோடு மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார். நான் அவரையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். “மாடியில ஆளு இருக்கோம்னு எழுதுங்க. முழு வரியும் போடுங்க. நான் கட்டுறேன்” என்று கவுன்டரில் கெஞ்சினேன். அன்று மாடியை அளக்க வந்தவர்தான் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ரசீது போட்டுக் கொடுத்தார்.

மகள் கடையிலிருந்து வந்ததும் ரசீதை நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். கடைசியில் இருந்த தொகையை இன்னொரு தடவை பார்த்தாள்.

“இவ்வளவுதானாப்பா?” என்று கேட்டாள்.