வாய்விட்டுச் சொன்ன பெயர்

முப்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டுப் பக்கம் கள்ளுக்கடை மறியல் நடந்த சமயம். மறியலுக்குப் போன என் கணவர் சேலத்தில் ஜெயிலில் இருந்தார். மறுநாள் அவரை எங்கோ தூரத்து ஜெயிலுக்கு மாற்றப் போவதாகத் தகவல் வந்தது. அவர் உள்ளே போன பிறகு பிறந்த பெண்குழந்தையை ஒருமுறையாவது காட்டிவிட வேண்டுமென்று, தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜெயில் வாசலில் குமாஸ்தா பெயர் கேட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

"எங்கூரு மலைச்சாமி பேருங்க" என்றேன்.

"செங்கோடனா? இங்க மூணு செங்கோடன் இருக்காங்க. அப்பா பேரு என்ன?"

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர்தான். உள்ளே இருந்தவர்களில் ஒருவர், மேடையேறினால் கூட்டம் திரளும் பேச்சாளர். இன்னொருவர் ஊர் ஊராய்க் கதர் சுமந்து விற்றுப் பேர் வாங்கியவர். என்னுடையவரை என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? மாமனார் பெயரையும் நான் சொல்லக்கூடாதே! திருதிருவென்று விழித்தேன். "கூட்டத்துல பேசறாரே, அவரா?" என்று குமாஸ்தா அதட்டவும், பயத்தில் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அந்தப் பேச்சாளர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், "பேரச் சொல்லீருங்க அம்மணி. சொன்னா ஒண்ணும் ஆவாதுங்க. சொல்லாட்டி அவரப் பாக்காமத்தான் போவோணும்" என்றார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "காளியப்பன் மவன் செங்கோடனுங்க!" என்று கத்திவிட்டேன். காவலர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கணவர் வந்தார். பிள்ளையின் பாதத்தைக் கம்பி வழியாகத் தொட்டுக்கொண்டே, "என்ற பேரச் சொல்லிப்போட்டயாமா?" என்று கேட்டார்.

என் கணவர் விடுதலையாகி வந்த பிறகுதான், தான் கேள்விப்பட்ட மற்றதைச் சொன்னார். ஒரு கைதியை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க விடுவார்களாம். என்னிடம் பேசிய அந்த நாலு நிமிஷம் பேச்சாளர் கணக்கில் கழிந்துவிட்டது. அடுத்த வாரம் நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த அவர் மனைவியை, பார்க்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது என் தவறு என்று அந்தப் பேச்சாளர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சாளரை ஊரே புகழும்போதெல்லாம், என் வாய்க்கூச்சத்தால் புருஷன் முகம் பார்க்காமல் அத்தனை தூரம் திரும்பிப் போன அந்தப் பெண்ணிடம்தான் நான் இன்றும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்கிறேன்.