ஜவ்வரிசியில் செய்த தீக்காயம்

தீக்காயம் செய்வதில் நான் கைதேர்ந்தவள். இப்படிச் சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். நாமக்கல் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். படத்தில் காயத்தைக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அதனால் மாணவிகளின் கையிலேயே காயத்தை உண்டாக்கிக் காட்டுவேன். விற்பனைக்கு வரும் செயற்கைக் காயங்கள் யானை விலை. சேலத்துக்காரிக்கு ஜவ்வரிசி இருக்க என்ன கவலை? கூழாகக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, வத்தலுக்குப் போல அரைகுறையாகக் காயவைத்தால் தோலாக உரிந்து வரும். குங்குமம் கலந்தால் மேலோட்டமான காயம். வெள்ளையாகவே ஒட்டி, ஓரத்தில் கரி தடவினால் ஆழமான காயம்.

அன்று இரண்டு மாணவிகளை நோயாளிகளாகப் படுக்கவைத்தேன். சிவப்புக் கைக்காரி கத்தி ஊரைக் கூட்ட வேண்டும். வெள்ளைக் கைக்காரி யார் கேட்டாலும் "வலிக்கலைங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். யாரை முதலில் கவனிப்பது என்பதுதான் பரீட்சை. வகுப்பே சிவப்புக் கையை மொய்த்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் வெள்ளைக் கையிடம் போனாள். பரவாயில்லை, ஒருத்தியாவது தேறினாளே என்று நினைத்தேன். அவளோ, "இவங்களுக்கு வலியே இல்லீங்க மேடம், அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று நகர்ந்துவிட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அழுத பிள்ளை பால் குடிக்கும்னு ஊட்டுல சொல்லுவாங்க. இங்க அழாத பிள்ளைதான் மொதல்ல போய்ச் சேரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆழமாக வெந்தால் நரம்பும் சேர்ந்து கருகிவிடும், அதனால்தான் வலி தெரியாது என்று விளக்கினேன். திருச்செங்கோட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

தட்டுகளைக் கழுவும்போது வந்து நின்றாள்.

"நெசமாவே வலிக்காதுங்களா மேடம்?"

"ஆமா. ஏன் சாமி?"

"நான் பன்னண்டாவது படிக்கறப்ப எங்கம்மா சேலையில அடுப்புத் தீ பிடிச்சிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் 'வலிக்கல சாமி, அழுவாத'ன்னே சொன்னாங்க. அப்பா ரிக் வண்டியோட வடக்க போர்வெல் போடப் போயிருந்தாருங்க. நாந்தான் போன் போட்டு, அம்மாவுக்கு வலியே இல்லீங்கப்பா, வேலைய முடிச்சுட்டு மெதுவா வாங்கன்னு சொன்னேன்."

அவர் மெதுவாகத்தான் வந்திருக்கிறார். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வகுப்பைச் சிரிக்கவைத்த என் வாயை நொந்துகொண்டேன். இதை அவள் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம். ஆனால் நர்ஸாகப் போகிறவளுக்குத் தெரியாமலும் முடியாது.

"அம்மா உங்கிட்டப் பொய் சொல்லல. பெருசா வலிச்சிருக்காது" என்றேன். சொல்வதற்கு வேறு ஆறுதல் கிடைக்கவில்லை.

"அப்பாவும் அதச் சொல்லித்தானுங்க மனசத் தேத்திக்கறாரு. இப்ப அவருகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும் மேடம்?"

சொல்லாதே என்றேன். போனவர் திரும்பி வரவா போகிறார், இருக்கிறவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்றேன். அவள் சொல்லவில்லை.

இப்போது சேலத்தில் தீக்காய வார்டில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி என்று பேர். பொங்கலுக்குக்கூட டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறாளாம். போன வாரம் அவளுடைய அப்பா எங்கேயோ என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார்.

"எம்புள்ள எம்மூஞ்சியப் பாத்துப் பேசறதே இல்லீங்க மேடம். நான் என்ன தப்புங்க பண்ணுனேன்?"