பதினேழாம் பக்கத்து வட்டம்

ஒரு நல்ல நாவலை முடித்த பிறகு அடுத்த நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சிறுவர் நாவல்களில் பைத்தியம் பிடித்திருக்கிறது. வாரம் தவறாமல் இதைக் கேட்கிறாள். எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் பயமாக இருக்கும்.

எனக்கு அந்தப் பைத்தியம் ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் பிடித்தது. மரக்காணத்தில் அது உப்பு வாரும் காலம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குப் போன பிறகு நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். கதைப் புத்தகம் படித்தால் படிப்பு கெட்டுவிடும் என்பது அம்மாவின் தீர்ப்பு. ஆகவே நான் அங்கே பொது அறிவை வளர்த்துக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

முதல் நாவல் தற்செயலாகக் கையில் கிடைத்தது. முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நூலகரைக் கேட்டேன். "எல்லாம் நல்ல புக்குதான், எடும்மா" என்றார், தலை நிமிராமல். இரண்டை எடுத்து ஏமாந்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், எனக்குப் பிடித்த அந்த நாவலின் பதினேழாம் பக்கத்தில், எண்ணுக்குக் கீழே, பென்சிலால் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வேறு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். சிலவற்றில் அதே பக்கத்தில் அதே வட்டம். ரசனையுள்ள யாரோ நல்ல நாவல்களுக்கு அடையாளம் வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து, வட்டம் இருந்தவற்றை மட்டும் படித்தேன். ஒன்றிரண்டு அறுவையாக இருந்தன. குறை என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டங்கள் தீர்ந்ததும் நானே துழாவித் துழாவிப் படித்தேன். பிடித்தவற்றின் பதினேழாம் பக்கத்தில் அச்சு அசலாக அதே வட்டத்தைப் போட்டு வைத்தேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் திண்டாடக் கூடாதே.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அடுத்த தெருவில் தனியாக இருந்தார். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. ஞாயிறு மட்டும் லீவு. அன்று நூலகத்தில் புத்தகம் எடுப்பார், மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு ஞாயிறு, அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னார்:

"எந்த புக்கைத் தொட்டாலும் நான் படிச்சதா இருக்குது. படிச்சதை மறுபடி எடுத்துறக் கூடாதுன்னு பதினேழாம் பக்கத்துல வட்டம் போட்டு வெப்பேன். வட்டம் இருக்குது, கதையில ஒரு வரி ஞாபகம் இல்ல."

"வேலை அலுப்பா இருக்கும்க்கா."

"அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சிது."

அம்மாவின் கை நின்றது. தாத்தா கடைசிக் காலத்தில் அளத்து வரப்பில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பார். யாராவது போய்க் கூட்டி வருவார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நாவல் படிப்பதும் வெளியே வந்துவிடும். சரிசெய்துவிட்டால் போதும் என்று மறுநாள் ரப்பரோடு நூலகத்துக்குப் போனேன். எது பெரியம்மா போட்டது, எது நான் போட்டது என்று சில புத்தகங்களில் எனக்கே குழம்பியது. தோராயமாக அழித்தேன்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "போன வாரம் வட்டம் இருந்த புக்குல இந்த வாரம் வட்டம் இல்லடி. கண்ணால பாத்தேன்."

அம்மா அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒண்ணும் இல்லன்னா என்னா அர்த்தம்? அவங்களால கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம்" என்றார் பெரியம்மா. அந்த மாதமே வேலையை விட்டார். அத்தனை பேர் தங்குகிற இடத்தில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டால் என்று பயம். நூலகத்துக்கும் போகவில்லை.

டாக்டரே சொன்ன பிறகு விஷயம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். டாக்டர் தேடியது நோயைத்தான். பெரியம்மாவிடம் இருந்தது பயம். அது பன்னிரண்டு வயதில் எனக்குப் புரியவில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. என் மகளுக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனால் புத்தகத்தைத் தொடுவதில்லை. போன வாரம் மகள் ஒரு நாவலை அவர் மடியில் வைத்து, "இதைப் படிச்சிருக்கீங்களா ஆயா?" என்றாள். பெரியம்மா அட்டையைத் தடவிப் பார்த்தார். "தெரியலையே கண்ணு" என்று சிரித்துவிட்டு, என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இத்தனை வருடப் பயமும் ஒரு பென்சிலால் வந்தது என்று தெரிந்தால் அவருக்கு நிம்மதி வருமா, அல்லது விட்டுப்போன வேலையும் படிக்காமல் போன புத்தகங்களும் சேர்ந்து நெஞ்சை அடைக்குமா? "இப்ப எதுக்குக் கிளறுற" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதும் சரியென்று படுகிறது. மறுநாள் தப்பென்று படுகிறது. பொங்கலுக்குப் பெரியம்மா எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கப்போகிறார். இப்படி ஒன்றை வெகுகாலம் கழித்துப் பெரியவர்களிடம் சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், முதல் வார்த்தையை எப்படி எடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.