முகப் பவுடரும் தூசி எண்ணும் கருவியும்

யுத்த காலத்தில் மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் பௌதிகம் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் தப்பித்தேன்.

"தூசி எண்ணற கருவியில யாரோட கண்ணாடி சுத்தமா வர்றதோ, அவாளுக்குத்தான் வேலை" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

கருவி என்பது புல்லாங்குழல் பருமனில் ஒரு பித்தளைக் குழாய். உள்ளே ஈரமான ஒற்றுத்தாள் சுற்றியிருக்கும். கைப்பம்பை ஓர் இழுப்பு இழுத்தால், அறைக் காற்று அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு மயிரிழை போன்ற பிளவு வழியாகச் சீறிவந்து மெல்லிய கண்ணாடி வில்லையில் மோதும். தூசி மட்டும் அதில் கோடாக ஒட்டிக்கொள்ளும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். விழி பிதுங்கிவிடும்.

என் முறை வந்தது. கோடு முழுக்க ஒரே நெரிசல். பேராசிரியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். லஸ்ஸில் டிராம் இறங்கி வெயிலில் நடந்து வந்தவள், கொஞ்சம் பவுடர் பூசியிருந்தேன்.

"மூஞ்சியில இருக்கற மாவெல்லாம் கண்ணாடியில உக்காந்துண்டிருக்கு. போய் அலம்பிண்டு வா."

"கோலமே போடலாம்டா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அறையே சிரித்தது. குழாயடியில் முகத்தைத் தேய்த்தேனே தவிர, திரும்பிப் போகக் கால் வரவில்லை.

திரும்பி வந்து புது வில்லை எடுத்தேன். அதே நெரிசல். உற்றுப் பார்த்தால் பவுடர் நிறமில்லாத சில்லாகத் தெரியும். இங்கே மொய்த்தவை பழுப்பு. பக்கத்தில் நின்ற பேராசிரியர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்து, பித்தளைக் குழாயின் வாய்க்கு நேர் மேலே விரலை உதறினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப எத்தனை?" என்றார்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பழுப்பையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணிச் சொன்னேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"பாத்தேளாடா? மூஞ்சிய அலம்பினதும் தூசி போயிடுத்து!"

பையன்கள் மறுபடி சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வேலை எனக்கே கிடைத்தது.