கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

பிள்ளை பெறப்போகிற பெண்களுக்குச் சம்பளத்தோடு லீவு வாங்கித் தருவது என் வேலை; அதற்குப் பிள்ளை பெறுவதே தேவலை என்று பலபேர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். மாடியில் மூன்று மேசை, ஒரு ஃபேன். கடையிலும் மில்லிலும் வேலை பார்க்கிற பெண்கள் போனிலேயே லீவுக்கு எழுதிக்கொடுக்க ஒரு ஆப் செய்திருக்கிறோம். லீவு சட்டத்தில் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். அந்தத் திட்டத்துக்கு நான் தலைவி. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஆப் படுத்துக்கொண்டால் திட்டு வாங்குகிற ஆள், அவ்வளவுதான். ஓடிபி வருமா வருமா என்று போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமில்லையா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

திருவரங்குளத்தில் பிறந்த நட்சத்திரம்

திருவரங்குளத்தில் முகாம் போட்டிருந்தோம். முதலில் வந்த மில் வேலைக்காரப் பெண்ணிடம் பிரசவ தேதியைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மாமியார் என் போனின் மேலேயே கையை வைத்து மூடிவிட்டார். "தையில பொறந்துரும், அம்புட்டுத்தான். தேதியெல்லாம் இப்பவே சொல்லிக்கிட்டு! கண்ணு பட்டுப்போகும்" என்றார். அதைப் பார்த்ததும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் உஷாராகிவிட்டார்கள். அன்றைக்கு வந்த எல்லாருடைய ஃபார்மிலும் தேதிக் கட்டம் மொட்டையாகக் கிடந்தது.

தேதி இல்லாமல் லீவைக் கணக்குப் போட முடியாது. எனக்கு வந்ததே கோபம்! ஆபீசுக்கு வந்ததும் எங்கள் புரோகிராமர் முருகேசனைப் பிடித்தேன். நாற்பத்தைந்து வயது, மூன்று பெண்களுக்கு அப்பா, அதிர்ந்து பேசாத மனுஷன். பிரசவம், குழந்தை என்று வருகிற எல்லாக் கட்டத்துக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போடச் சொன்னேன். நட்சத்திரம் போட்டால் அதை நிரப்பாமல் யாரும் அடுத்த பக்கத்துக்கு நகர முடியாது. அவர் தலையைச் சொறிந்தார். "போட்டுடுறேன் மேடம். அப்பறம் என்னையத் திட்டப்படாது."

ஓடிபி ஷார்ஜாவுக்குப் போனது

செல்வமேரிக்கு ஆவூர். புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்பதுதான், காலையிலிருந்து ராத்திரி வரை. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அந்தக் கடையில் வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள், யாரும் திரும்பி வந்ததில்லை. "வேலைய விட்டுட்டுப் போக எனக்கே வழி தெரியும் மேடம். லீவு எடுத்துட்டு அதே எடத்துக்குத் திரும்பி வரணும், அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போயிற்று.

ஆவூரில் அவள் வீட்டில் வைத்துப் பதிவு செய்தோம். ஆதாரில் இருந்தது புருஷன் நம்பர். புருஷன் அருள்ராஜ் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறார். இங்கே பட்டனை அமுக்கினால் ஓடிபி அங்கே போய் மணியடிக்கிறது. அவர் வண்டியை ஓரங்கட்டி, நம்பரைப் படித்து, வாட்ஸ்அப்பில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை மனுஷன் வண்டியை விட்டு இறங்கி, கொளுத்துகிற வெயிலில் நின்று, ஒவ்வொரு எண்ணாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். பதிவாகிவிட்டது என்றதும் போனில் சிரித்தார். "இப்புடியே போனா புள்ள பொறந்த சேதியும் எனக்கு ஓடிபியாத்தான் வரும்போல மேடம்!"

கடையில் முதல் தடவை

செல்வமேரிக்காக ஆப் தயாரித்துக் கொடுத்த லீவுக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் மரியாதையானவர். ஜூஸ் வரவழைத்தார், கடிதத்தை இரண்டு தடவை படித்தார், பார்க்கலாம் என்றார். சேலைப் பிரிவில் எங்கே தேடியும் ஒரு நாற்காலி இல்லை. இதற்கு முன்னால் யாருக்காவது லீவு கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி முகம் மலர்ந்தது. "யாரும் கேட்டதே இல்ல மேடம். எல்லாம் நல்ல புள்ளைங்க, தானா வேலையிலருந்து நின்னுக்கும்."

ஒரு காலை போன்

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் செல்வமேரி கூப்பிட்டாள். ஆப் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லையாம். "செவப்பு நட்சத்திரம் இருக்கிற கட்டமெல்லாம் நெரப்பினியாம்மா?" என்று வாத்தியாரம்மா மாதிரி கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள். நாலு நாளைக்கு முன்னால் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பிள்ளை தங்கவில்லை. மேனேஜர் நாளைக்கே வரச் சொல்கிறார், அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

கரு தங்காமல் போனால் சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு உண்டு. எங்கள் நோட்டீஸில் கடைசி வரியாக அச்சடித்திருக்கிறோம். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவள் ஆப்பைத் திறந்திருக்கிறாள். நோட்டீஸில் போட்ட இந்த மகராசிக்கு ஆப்பில் அதற்கென்று ஒரு வழி வைக்கத் தோன்றவில்லை. "கொழந்தை பொறந்த தேதி கேட்டுச்சு மேடம். ஆஸ்பத்திரிக்குப் போன தேதியப் போட்டேன். இப்ப ஆணா பொண்ணான்னு கேக்குது. ரெண்டுல ஒண்ண அமுக்காம விடமாட்டேங்குது. நான் எதை அமுக்க?"

கடையில் இரண்டாம் தடவை

நான் அழுதேன். கண் கலங்கியதெல்லாம் இல்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். நட்சத்திரம் போடச் சொன்ன பாவி நான்தானே. முருகேசன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆப் வாராவாரம் அனுப்புகிற வாழ்த்து மெசேஜை முதலில் நிறுத்தினார். அன்று காலையிலும் அவளுக்கு 'வாழ்த்துகள், இன்னும் இருபது வாரம்' என்று ஒன்று போயிருந்தது. நான் வெள்ளைத்தாளில் கையாலேயே கடிதம் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மேனேஜர் அன்றைக்கும் ஜூஸ் வரவழைத்தார். "புள்ளையே இல்லேங்கிறீங்க, அப்பறம் எதுக்கு மேடம் புள்ளப்பேறு லீவு?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஆனால் எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, சேலை வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சட்டத்தைக் கத்தினேன். அவர் அசையவில்லை. அப்போது பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த கனகா, அரிமளத்துக்காரி, அங்கே ரொம்ப வருஷமாக இருக்கிறவர், கையை நிறுத்தாமலே பேசினார். "எனக்கும் புள்ள தங்காமப் போனப்ப நாலாம் நாளு இதே எடத்துல வந்து நின்னேன் சார். உக்காரவான்னு கேட்டேன், கஸ்டமர் பாப்பாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

நாற்பத்து மூன்றாம் நாள்

மேனேஜர் ஜூஸைக் குடிக்காமல் உள்ளே போய் முதலாளியிடம் போனில் பேசினார். மறுநாள் கையெழுத்து வந்தது. சட்டத்துக்குப் பயந்தாரா, கனகா முகத்தைப் பார்க்க முடியவில்லையா, எனக்குத் தெரியாது. செல்வமேரி ஆறு வாரம் ஆவூரில் படுத்திருந்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் அதே சேலைப் பிரிவில் போய் நின்றாள். லீவு எடுத்துவிட்டு அந்தக் கடைக்குத் திரும்பி வந்த முதல் ஆள் அவள்தான். இப்போது அங்கே இரண்டு ஸ்டூல் கிடக்கிறதாம்.

அன்று சாயங்காலம் எங்கள் ஆபீஸ் மாடியேறி வந்தாள். முருகேசன் ஃபார்மை மாற்றி எழுதியிருந்தார். 'கர்ப்பம் நிலைக்கவில்லை' என்று ஒரு வரி. அதைத் தொட்டால் குழந்தையைப் பற்றி வேறெதுவும் கேட்காது, நேராகக் கடிதத்துக்குப் போய்விடும். அவளிடம் இதைக் காட்டவா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். அவளே போனை வாங்கிக்கொண்டாள். அந்த வரியைத் தொட்டாள், மற்றதையெல்லாம் வெறுமையாக விட்டாள், அமுக்கினாள். கடிதம் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது இப்புடியே இருக்கட்டும் மேடம். அடுத்த தடவை எனக்கு மட்டும் அந்த நட்சத்திரத்தப் போட்டுக் குடுங்க, ஒண்ணு விடாம நெரப்புறேன்."

இப்போதெல்லாம் ஒரு கட்டத்துக்கு நட்சத்திரம் போட வேண்டுமென்றால் முருகேசனிடம் நான் காரணத்தோடு எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஜவுளிக்கடையில் லீவு வாங்குவதே தேவலை.