நடுவில் இருந்த பதினோரு வரிகள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சல்லடை. நேரில் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். பதினாறு வருடமாக அடுத்தவர் எழுதிய கணினி நிரல்களைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதே முக்கிய வேலை. எப்போதாவது தானும் எழுதுவாள். குறை சொல்லச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அன்று காலை அவள் பார்வைக்கு வந்தது நாற்பது வரி மாற்றம். பிழை தேடும் கருவியான டீபக்கரில், இயந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களை மனிதர் படிக்கும் வரிகளாகப் பிரித்துக் காட்ட ஒரு கட்டளை உண்டு. நிரலில் தனிப் பெயர் வைத்து எழுதும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஃபங்ஷன்; அவற்றை அந்த எண்களாக மாற்றி அடுக்குவது கம்பைலர். புதிதாகச் சேர்ந்த பெண் அதில் கை வைத்திருந்தாள்.

"ஏம்மா, சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதுற? அது நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது?"

"இல்ல மேடம். சில ஃபங்ஷனை கம்பைலர் ரெண்டாப் பிரிச்சு தள்ளித் தள்ளி வச்சிடுது. நம்ம கட்டளை முதல் துண்டுல ஆரம்பிச்சு ரெண்டாவது துண்டு முடியுற வரைக்கும் எல்லாத்தையும் ஒரே பேர்ல காட்டுது. நடுவுல இருக்கறது வேற ஆளோடது மேடம்."

"அதாவது, தெருவோட ரெண்டு முனையிலயும் ஒருத்தனுக்கு வீடு இருந்தா, நடுவுல இருக்கற வீட்டையெல்லாம் அவன் பேர்ல எழுதிடுது. சரி, பார்க்கிறேன்."

சின்னச் சின்ன மாதிரிகளை வைத்துச் சோதிப்பது அவளுக்குப் பிடிக்காது. ஓடும்போதே நிஜமாகச் செத்துப்போன நிரல் ஒன்றைத் தோண்டி எடுத்து அதில்தான் ஓட்டிப் பார்ப்பாள். இரண்டு துண்டான ஃபங்ஷன் வேண்டும் என்று தேடியபோது ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்று அகப்பட்டது. ஒரு தொழிற்சாலையின் மோட்டார்களை ஓட்டிய நிரல். திடீரென்று செயலிழந்து விழுந்து, மூன்று நாள் ஆலையையே நிறுத்தியது.

அந்தப் பழி விழுந்தது அவள் கூடப்பிறந்த தம்பி மேல். அப்போது அவனும் இங்கேதான் வேலை பார்த்தான். விசாரணைக் கூட்டத்தில் இதே கட்டளையை ஓட்டி, நிரல் விழுந்த வரிகளை அவன் பெயரில் திரையில் போட்டுக் காட்டியதே அவள்தான். "அக்கா, அந்த வரியெல்லாம் நான் எழுதினது இல்லக்கா" என்றான். "மெஷின் பொய் சொல்லாதுடா" என்று பத்துப் பேர் முன்னால் வாயை அடைத்தாள். மறுவாரம் வேலையை விட்டுப் போனவன், அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு செய்தவனுக்கு ரோஷம் வேறா என்று அவளும் விட்டுவிட்டாள்.

பழைய கட்டளையையும் புதியதையும் அருகருகே ஓட்டினாள். பழையதில் எல்லாமே தம்பியின் ஃபங்ஷன். புதியதில் அவனுடைய முதல் துண்டு, பிறகு இரண்டாவது துண்டு. நடுவில் இருந்த பதினோரு வரிகளைக் காணோம். நிரல் விழுந்த இடம் அந்தப் பதினொன்றில்தான் இருந்தது.

 அந்த வரிகள் யாருடையவை என்று கருவியைக் கேட்டாள். ஃபங்ஷனின் பெயர் திரையில் வந்தது. அவளே எழுதியது. மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அதே பெயர்.

நடைபாதைக்கு ஓடிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். எடுப்பானோ மாட்டானோ என்று ஒவ்வொரு மணியாக எண்ணினாள். எடுத்தான்.

"டேய், அந்த மோட்டார் விஷயம்... உன் தப்பு இல்லடா."

"தெரியும்."

"என் தப்புடா. என்னோட ஃபங்ஷன்."

"அதுவும் தெரியும்க்கா. அன்னிக்கு வீட்டுக்குப் போய், ஒவ்வொரு வரியும் எந்த அட்ரஸ்ல இருக்கு, யாரோடதுன்னு கையால கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

  "பாவி, ஏன்டா என்கிட்ட சொல்லல?"



"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "மாட்டேன்டா" என்றுதான் வந்தது.