கிராணி வெளியே, நான் உள்ளே

எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், கோபிக்காமல் படியுங்கள். கோயில் பலகையில் நான் ஒட்டும் முதல் தாள் இது.

நம் எண்ணெய் ஆலையில் கடிகாரத்தையும் கேட்டையும் கம்பியால் இணைத்துவிட்டார்கள் அல்லவா? காலைச் சங்கு ஊதியதும் கேட் தானாகப் பூட்டிக்கொள்கிறது. மதியச் சங்குவரை யாராலும் திறக்க முடியாது.

போன வாரம் மனைவியைக் கிளினிக்கில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். கேட் பூட்டிக்கொண்டது. ஆள்கணக்கு எழுதும் கிராணி உள்ளே நின்று சிரித்தார்.

"கடிகாரம் சொல்லுது, கேட் கேக்குது. நான் என்னா செய்ய, பெருசு?"

அன்றைய வேலை போயிற்று.

இன்று ஆலையை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். கிராணி மாலையோடு சாலைக்கே ஓடினார். காரை நிறுத்தி, மாலை போட்டு, பேசிக்கொண்டே நடத்திக் கூட்டிவந்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

"பெருசு, தொறந்து விடு லா! துரை வெயில்ல நிக்கிறாரு!"

உள்ளே நின்ற நான், கேட்டில் கிராணி எழுதி மாட்டிய பலகையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். "தா... ம... த... மாய்... வருவோர்..." முடிக்க வெகுநேரம் ஆயிற்று. துரை மாலையைக் கழற்றிக் கிராணி கையில் கொடுத்தார். நான் உள்ளிருந்து சொன்னேன்:

"கடிகாரம் சொல்லுது, கேட் கேக்குது. நான் என்னா செய்ய, கிராணி ஐயா?"

அப்போது கிராணியின் முகம் போன போக்கை எழுத முதியோர் வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை. பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் நானே முயன்று பார்க்கிறேன்.